குளக்கட்டில் நின்று எடுப்பதா, மணவறைக்கு முன்னால் நின்று எடுப்பதா?

கேள்வி: நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். விடிய முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போனால் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, மீன்கொத்தி என்று பார்த்துக்கொண்டே நிற்கலாம். கைபேசியில் எடுத்தால் எல்லாம் புள்ளிதான். மாரியில் சுண்டிக்குளத்துக்குப் பூநாரை வரும்போதும் அதே கதை. முகத்தைப் பார்த்து, அலகைப் பார்த்து, பிள்ளைகளுக்குக் காட்டக்கூடிய மாதிரி எடுக்க வேண்டும். ஆவணியில் இலண்டனிலிருந்து வரும் அண்ணா கமரா வாங்கி வருவதாகச் சொல்கிறார். ஒன்று, லென்ஸ் கழற்றி மாற்றும் டிஎஸ்எல்ஆர் வகையான கெனன் 2000டி, இரண்டு லென்ஸோடு. இல்லாவிட்டால், லென்ஸ் கழற்ற முடியாத, நீண்ட சூம் உள்ள நிக்கொன் பி950. டிஎஸ்எல்ஆர்தான் உண்மையான கமரா, மற்றது விளையாட்டுச் சாமான் என்கிறார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் எடுக்க ஆசை. பின்னுக்குக் கலியாண வீடு, சாமத்திய வீடு எடுத்து நாலு காசு பார்க்கலாம் என்றும் ஒரு யோசனை. எதை வாங்கச் சொல்ல?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பறவைக்குப் பாதிக் கடிதம், பொங்கலுக்கு ஒரு வரி, கலியாண வீட்டுக்கு ஒரு வரி. மனம் எங்கே நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதனால் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: அண்ணாவிடம் பி950 சொல்லுங்கள். பொங்கலையும் கலியாணத்தையும் எப்படிச் சமாளிப்பது என்று பின்னால் கதைப்போம்.

"உண்மையான கமரா" என்று சொல்பவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. படம் விழும் சென்சர் 2000டியில் ஏறக்குறைய 22 மில்லிமீற்றர் அகலம், 15 மில்லிமீற்றர் உயரம். பி950இல் அது 6க்கு 4.5 தான், சின்னி விரல் நகத்தை விடச் சிறிது. பரப்பைக் கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். பெரிய சென்சரில் கூடுதல் வெளிச்சம் விழும். இருட்டில் படம் மணல் தூவியது போல் ஆகாது, முகத்தின் நிறமும் கெடாது. இதில் விவாதமே இல்லை.

ஆனால் அந்தப் பெரிய சென்சர் முழுவதையும் நீங்கள் பாவித்தால்தான் அந்த நன்மை. கணக்கு மாறும் இடம் அதுதான்.

லென்ஸின் மில்லிமீற்றர் இலக்கம் கூடக் கூடத் தூரம் கிட்ட வரும். 2000டியோடு வரும் 55-250 லென்ஸை முழுதாக நீட்டினால், பழைய பிலிம் கமரா அளவில் சொன்னால் அது 400 மில்லிமீற்றர். பி950 அதே அளவுகோலில் 24இலிருந்து 2000 வரை போகும். அதாவது ஐந்து மடங்கு தூரம். குளத்தின் அந்தப் பக்கத்துப் பட்டமரத்தில் ஒரு நாரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி950 அதைப் படச் சட்டம் நிறைய எடுத்துத் தரும், 16 மெகாபிக்சலும் நாரைக்கே. 2000டியில் அதே நாரை படத்தின் நடுவில் சிறு துண்டாக நிற்கும். அதை வெட்டி எடுத்துப் பெருப்பித்தால் நீளத்தில் ஐந்தில் ஒன்று, அகலத்தில் ஐந்தில் ஒன்று, ஆக இருபத்தைந்தில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது ஒரு மெகாபிக்சல் அளவு. பெரிய சென்சருக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் ஒரு மூலையை மட்டும் பாவிக்கிறீர்கள். அந்த மூலை பி950இன் முழுச் சென்சரை விடவும் சிறியது.

இன்னொன்றையும் பாருங்கள். தூரத்துப் பறவையிடமிருந்து எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதை முடிவு செய்வது லென்ஸின் வாய் அகலம். பி950 முழுச் சூமில் உண்மையில் 357 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 6.5. லென்ஸ் நீளத்தை வாய் அகலத்தால் வகுத்து வருவதுதான் இந்த எஃப் இலக்கம், அது சிறிதானால் வெளிச்சம் கூட. 357ஐ 6.5ஆல் வகுத்துப் பார்த்தால் வாய் 55 மில்லிமீற்றர். 250 மில்லிமீற்றர், எஃப் 5.6 என்ற கெனன் லென்ஸுக்கு அது 45 மில்லிமீற்றருக்குள். விளையாட்டுச் சாமானின் வாய்தான் பெரிது. கடைக்காரர் யாரும் இதைச் சொல்லித் தரமாட்டார்.

டிஎஸ்எல்ஆரில் இந்தத் தூரத்தை எட்டிப் பிடிக்க 150-600 மாதிரி லென்ஸ் வேண்டும். அது இரண்டு கிலோ அளவில் வரும், விலையும் கமராவின் விலையை விழுங்கிவிடும். அப்போதும் அந்தப் பிலிம் கமரா அளவுகோலில் 960க்கு மேல் போகாது.

"கிட்டப் போய் எடு, சூமை நம்பாதே" என்று படப்பிடிப்புப் பாடம் எல்லாவற்றிலும் எழுதியிருப்பார்கள். எழுதியவர்கள் வன்னிக்கு வந்ததில்லை. இங்கே குளத்து அலைகரையில் முதலை கிடக்கும். பொழுதுபடும்போது யானை வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மிதிவெடி அகற்றும் வேலை எங்கள் மாவட்டங்களில் இன்னும் முற்றாக முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் எந்தக் குருவி இருந்தாலும், அதற்கு நீங்கள் கொடுக்கக்கூடியது சூம் மட்டும்தான், கால் அல்ல. குளக்கட்டிலும் தெருவிலும் நின்றே எடுக்கும் ஆளுக்கு 2000 மில்லிமீற்றர் ஆடம்பரம் இல்லை. ஆனால் அவ்வளவு நீண்ட லென்ஸைப் படைமுகாம் இருக்கும் பக்கம் திருப்பாதீர்கள். நாரையைத்தான் எடுத்தேன் என்று விளங்கப்படுத்துவதிலேயே அரைநாள் போய்விடும்.

சரி, பி950இன் குறைகளுக்கு வருவோம். அவை சில்லறைக் குறைகள் அல்ல.

பறந்துகொண்டிருக்கும் பறவை அதற்குச் சரிவராது. கண்ணாடி வழியே நேரே பார்க்கும் டிஎஸ்எல்ஆரில் பறவையைத் தொடர்ந்து போகலாம், குவியமும் சட்டென்று பிடிக்கும். பி950இல் நீங்கள் பார்ப்பது சின்னத் திரை. குவியம் தடுமாறும். ஒரு செக்கனுக்கு ஏழு படம் எடுக்கும், பத்தாவது படத்தோடு மூச்சு வாங்க நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து மீன்கொத்தி பாய்ந்து, மீனையும் பிடித்து, கிளைக்குத் திரும்பியிருக்கும். இருக்கிற பறவை, நிற்கிற பறவை, நீந்துகிற பறவை: இவைதான் இந்தக் கமராவின் ஆட்கள்.

முழுச் சூமில் பறவையைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. கையில் சிறு நடுக்கம் வந்தாலும் சட்டத்தை விட்டு ஓடிவிடும். லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால் சூம் பின்வாங்கி அகலமாகக் காட்டும், பறவையை நடுவுக்குக் கொண்டுவந்து விட்டால் பழைய இடத்துக்கே போகும். முதல் வாரம் முழுக்க இந்தப் பொத்தானை மட்டும் பழகுங்கள். முக்காலி நல்லதுதான், ஆனால் நான் அதிகம் பாவிப்பது ஒரு துணிப்பை. பழைய சாறத் துணியில் தைத்து, அரைவாசிக்குப் பயறு நிரப்பி, துருசுக் கட்டிலோ மோட்டார்ச் சைக்கிள் இருக்கையிலோ வைத்து அதில் கமராவைப் பதித்துவிடுவேன். பசித்தால் அவித்தும் தின்னலாம் என்று வீட்டில் பகிடி.

அடுத்தது கானல். இதைத்தான் பலர் கமராவின் பிழை என்று நினைத்துக் கவலைப்படுகிறார்கள். வெயில் ஏறியதும் குளத்துக்கு மேலும் கட்டுக்கு மேலும் காற்று நெளியத் தொடங்கும். நூறு, இருநூறு மீற்றர் தாண்டி இருப்பதை எடுத்தால் தண்ணீருக்குள் பார்த்தது போல் குழையும். எத்தனை இலட்சத்துக்கு லென்ஸ் வாங்கினாலும் இதற்கு மருந்தில்லை. விடிந்ததிலிருந்து எட்டு எட்டரை வரைக்கும் எடுங்கள். அதற்குப் பிறகு கிட்ட உள்ளதை மட்டும் எடுங்கள். சித்திரை, வைகாசியில் இன்னும் முந்தியே மூட்டை கட்ட வேண்டிவரும்.

தூசியும் ஒரு தொல்லை. சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் செம்மண் எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீண்டு சுருங்கும் லென்ஸ் சைக்கிள் பம்பு மாதிரிக் காற்றை உள்ளே இழுக்கும். பி950க்குத் தூசி, மழைத் தடுப்பு இல்லை, உள்ளே தூசி போனால் நாமே கழற்றித் துடைக்கவும் முடியாது. டிஎஸ்எல்ஆரிலும் லென்ஸ் மாற்றும்போது சென்சரில் தூசி விழும், ஆனால் அதைத் துடைக்கலாம். மோட்டார்ச் சைக்கிளில் போகும்போது கழுத்தில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள்.

மாரியில் பூஞ்சணம். என்னுடைய முதல் லென்ஸை இதற்குத்தான் பறிகொடுத்தேன். ஐப்பசியில் அலுமாரிக்குள் தோல் உறையோடு வைத்தது, தை மாதம் எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரிப் படர்ந்திருந்தது. தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. இறப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியும் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், அதன் தவிடும் தூளும் சூம் இடுக்குக்குள் போகும். அப்புறம், பெட்டிக்குள் வைத்ததை மறந்துவிடாமல் வாரத்துக்கு ஒருக்கால் எடுத்து வெளிச்சம் காட்டுங்கள்.

பாரத்தை ஒரு காரணமாகச் சொல்வார்கள். பி950 ஒரு கிலோ. 2000டியும் இரண்டு லென்ஸும் சேர்ந்தாலும் ஏறக்குறைய அதேதான். மின்கலத்தில் கெனன் முந்துகிறது: ஒரு தரம் ஏற்றினால் 500 படம், பி950இல் 290 அளவு. ஆனால் பி950ஐ யூஎஸ்பி வயரிலேயே ஏற்றலாம், பவர் பாங்க் போதும்.

இனி வற்றாப்பளை. வைகாசிப் பொங்கல் இரவில் நடப்பது. உப்புநீரில் எரியும் விளக்கையும், அந்த வெளிச்சத்தில் தெரியும் முகங்களையும் எடுக்க பி950ஐ நம்பிப் போனால் ஏமாற்றம்தான். சின்னச் சென்சர் இருட்டில் திணறும். பிளாஷ் போட்டாலோ விளக்கு வெளிச்சமே செத்துப்போகும், கும்பிட வந்தவர்களுக்கும் தொந்தரவு. கலியாண வீடும் அப்படித்தான். மண்டபத்து வெளிச்சத்தில், மணவறைக்கு முன்னால் மூன்று மீற்றரில் நின்று எடுக்க 2000 மில்லிமீற்றர் எதற்கு?

அந்த வேலைக்கு டிஎஸ்எல்ஆர். ஆனால் பெட்டியோடு வரும் 18-55 லென்ஸை வைத்துக்கொண்டு அல்ல. கெனனின் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வேண்டும். 18-55ஐ 55க்கு நீட்டினால் எஃப் 5.6. அதோடு ஒப்பிட்டால் எஃப் 1.8 உள்ளே விடுவது ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம். டிஎஸ்எல்ஆர் வாங்கிவிட்டு இந்த லென்ஸை வாங்காதவர்கள்தான் "கைபேசியே நல்லாயிருக்கு" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

இதைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. கெனனும் நிக்கொனும் தங்கள் புதிய உழைப்பை எல்லாம் மிரர்லெஸ் எனும், உள்ளே கண்ணாடி இல்லாத கமராக்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள், அதனால் பாவித்த டிஎஸ்எல்ஆர்கள் மலிந்து கிடக்கின்றன. ஒரு வருடம் பறவை எடுங்கள். அதற்குப் பிறகும் கலியாண யோசனை மனதில் இருந்தால் லென்ஸ் இல்லாத பாவித்த கமரா உடல் ஒன்றும் அந்த 50 லென்ஸும் வாங்குங்கள். 2000டியை ஆசிய நாடுகள் பலவற்றில் 1500டி என்ற பெயரில் விற்றார்கள். இரண்டும் ஒன்றே, பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். 4000டியைத் தவிருங்கள், லென்ஸ் பூட்டும் வளையமே பிளாஸ்ரிக். நிக்கொன் டி3500 கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் அதன் உடலில் குவிய மோட்டார் இல்லை. பழைய நிக்கொன் 50 லென்ஸை மலிவென்று வாங்கிப் பூட்டினால் கையால்தான் குவியம் திருக வேண்டும். லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா பாருங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் டிஎஸ்எல்ஆர்தான் என்று அண்ணா நின்றால், ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "இரட்டை லென்ஸ்" என்று விற்கும் பெட்டிகள் பலவற்றில் 55-250க்குப் பதிலாக 75-300 இருக்கும். இலக்கம் பெரிதாக இருக்கிறதே என்று எடுத்துவிடக் கூடாது. அதில் கைநடுக்கம் தாங்கும் வசதி கிடையாது, நீட்டினால் கூர்மையும் குறைவு. லென்ஸில் ஐஎஸ் என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே, பெயரளவில் "ஒரு அங்குலம்" என்று சொல்லும் சென்சர் உள்ள கமராக்களும் உண்டு: பனசொனிக் எஃப்இசட்1000, சோனி ஆர்எக்ஸ்10இன் நான்காவது வகை. சென்சர் பி950ஐ விட நாலு மடங்கு பெரிது, எட்டும் தூரம் முன்னதில் 400, பின்னதில் 600. சோனி அருமையான கமரா, விலையைக் கேட்டால் அண்ணா வருவதையே தள்ளிப்போடுவார்.

பி950ஐ இலண்டனில் வாங்கினால் உத்தரவாதம் அங்கேயே நின்றுவிடலாம், இங்குள்ள முகவர் ஏற்பார் என்று எண்ணி இருக்காதீர்கள். ஆகவே அண்ணா பெட்டியை இறுக்கி மூடியபடி கொண்டு வராமல் அங்கேயே ஒரு கிழமை பாவித்துப் பார்க்கட்டும். சூமை முழுதாக நீட்டிச் சுருக்கிப் பத்துத் தரம், வெள்ளைச் சுவரை ஒரு படம், இரவில் நிலவை ஒரு படம். முழுச் சூமில் முழுநிலவு சட்டத்தின் உயரத்தில் ஏறக்குறைய முக்கால்வாசியைப் பிடிக்க வேண்டும், நிலவின் விளிம்பு கூராகத் தெரிய வேண்டும். வெள்ளைச் சுவர்ப் படத்தில் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே தூசி. விமானம் ஏறுமுன் கடையில் கொடுத்து மாற்றிவிடலாம். பற்றுச்சீட்டையும் மேலதிகமாக ஒரு மின்கலத்தையும் மறக்காமல் கேளுங்கள், இஎன்-இஎல்20ஏ என்பது அதன் பெயர்.