பக்கத்துத் துண்டு நிலத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: கோவை துடியலூர் பக்கம், அப்ரூவல் பெற்ற லேஅவுட்டில் 2006-ல் அப்பா வாங்கிய மூன்று சென்ட் வீட்டில் குடியிருக்கிறோம். கிழக்கே ஒட்டினாற்போல் ஒன்றேகால் சென்ட் துண்டு நிலம். முன்பக்கம் மூன்றடி, பின்பக்கம் பதினைந்தடி, நீளம் அறுபதடி. அதில் தனியாக வீடு கட்ட முடியாது என்று உரிமையாளரே ஒப்புக்கொள்கிறார். அப்படியிருந்தும் மனை விலையே வேண்டும் என்று 12 லட்சம் கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் பேசி 6 லட்சத்துக்கு இறங்கியிருக்கிறார். நாங்கள் 3 லட்சம் என்கிறோம். 15 வருடமாகப் புதர் வெட்டி, தென்னை வைத்துக் காப்பாற்றியது நாங்கள். அவர் மகள் கல்யாணத்துக்கு அப்பா பணம் கொடுத்து உதவியிருக்கிறார். அந்த நன்றிகூட இல்லை. போன வருடம் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கார் நிறுத்த ஷீட் போட்டோம். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி 50,000 ரொக்கமாக அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. நியாயமான விலைக்கு அவரைச் சம்மதிக்க வைக்க கோர்ட்டுக்குப் போகலாமா? இத்தனை வருடம் அனுபவித்ததால் எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: தென்னை, கல்யாணம், நன்றி எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். எந்த நீதிமன்றமும் அதைக் கேட்காது. பக்கத்து வீட்டுக்காரர் என்பதற்காக உங்களுக்குத்தான் முதலில் விற்க வேண்டும் என்றோ, இன்ன விலைக்குத் தர வேண்டும் என்றோ அவரைக் கட்டாயப்படுத்த வழியில்லை. நீண்ட காலம் அனுபவித்ததால் உரிமை கோரும் அனுபவ பாத்தியதையும் இங்கே நிற்காது. 'அவரிடம் சொல்லிவிட்டு' ஷீட் போட்டேன் என்று நீங்களே எழுதுகிறீர்கள். விலை பேசி அட்வான்ஸும் கொடுத்திருக்கிறீர்கள். நிலம் அவருடையது என்று ஒப்புக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த ஷீட் உங்களுக்கு எந்த உரிமையும் தராது. உங்களுக்கு அந்த இடம் எவ்வளவு தேவை என்பதை அவருக்குக் காட்டிக்கொடுத்ததுதான் மிச்சம்.

நீங்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அங்கே ஏன் கட்ட முடியாது?

அகலம் போதாததால் என்றால் அது தனியார் நிலம், விலை பேசலாம். லேஅவுட் வரைபடத்தில் அது பாதை, பூங்கா, பொது ஒதுக்கீடு என்று இருந்தால், அவர் கையில் விற்க எதுவுமே இல்லை. அதற்கு 3 லட்சமும் அதிகம், மூன்று ரூபாயும் அதிகம். வருவாய்த்துறையின் கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று வந்தாலும் அதே கதை. ஒரு முனை குறுகி மறு முனை அகன்ற துண்டுகள் பல நேரம் பழைய வாய்க்கால் கரையாகவோ வண்டிப்பாதையாகவோ இருக்கும். ஆகவே அப்ரூவல் ஆன வரைபடத்தின் நகல், புல வரைபடம், பட்டா, வில்லங்கம், அவருக்கு நிலம் வந்த வழியைக் காட்டும் தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் பார்த்த பிறகு மற்றதைப் பேசுங்கள். அந்தத் துண்டு அப்ரூவல் ஆன மனை அல்ல என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன்பே அது மனையாகப் பதிவாகியிருக்கிறதா என்பதும் தாய்ப்பத்திரத்தில் தெரிந்துவிடும். இல்லையென்றால் சார்பதிவாளர் மனையாகப் பதிய மாட்டார்.

எல்லாம் சரியாக இருக்கிறது, வெறும் அகலக் குறைவுதான் என்றே வைத்துக்கொள்வோம். வக்கீலாக என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் சிக்கிக்கொண்ட இடம் இதற்குப் பிறகுதான்.

உங்களுக்கு அது வீடு கட்ட முடியாத நிலம். பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் தெருவுக்குச் சதுர அடி 1,500 என்று இருந்தால், 540 சதுர அடிக்கு 8,10,000. நீங்கள் 4 லட்சத்துக்குப் பேசி முடித்தாலும் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதத்தை அந்த 8,10,000-க்குத்தான் கேட்பார்கள், அதாவது 72,900. அதோடு விடாது. வழிகாட்டி மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் 50,000-ஐயும், கொடுத்த விலையில் 10 சதவீதத்தையும் தாண்டினால், அந்த வித்தியாசம் முழுவதும் வாங்கியவரின் வருமானமாகக் கருதப்படும். இங்கே அது 4,10,000. நீங்கள் 20 சதவீத வரம்பில் இருந்தால் 82,000 வரி, அதன்மேல் செஸ். விற்றவருக்கும் ஆதாய வரிக் கணக்கு 8,10,000-ஐ வைத்துத்தான். '4 லட்சத்துக்கு மலிவாக முடித்தேன்' என்பவர் உண்மையில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்பார்.

இதைக் கேள்விப்பட்டதும் ஆவண எழுத்தர் ஒருவர் யோசனை சொல்வார்: 'பத்திரத்தில் 8,10,000 என்றே எழுதிவிடலாம், கையில் 4 லட்சம் கொடுங்கள்.' தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வங்கியில் 4 லட்சம்தான் போயிருக்கும். பத்திரம் 8,10,000 என்று சொல்லும். மீதி எப்படிக் கொடுத்தீர்கள் என்று வருமான வரித்துறை கேட்டால் என்ன சொல்வீர்கள்? ரொக்கம் என்றால், நிலம் விற்பவர் 20,000-மோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய அளவுக்கு அபராதம் வரும். கொடுக்கவே இல்லை என்றால் பத்திரம் பொய். அதைவிட மோசமானது பின்னால் வரும். விற்றவர் இருக்கும்வரை பிரச்சினை இருக்காது. அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் பத்திரத்தையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'எங்கள் அப்பாவுக்கு இன்னும் 4,10,000 வரவில்லை' என்று நோட்டீஸ் அனுப்புவார்கள். விலைப்பாக்கிக்காக விற்றவருக்கு அந்தச் சொத்தின் மீதே பாத்தியதை உண்டு. அந்த நேரத்தில் துண்டு உங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கும், வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போயிருப்பீர்கள். ஒன்றேகால் சென்ட்டால் மொத்த வீடும் தேங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஜெயித்தாலும் நஷ்டம்தான்.

சரி, வேறு என்ன வழி? முதலில், அந்தத் துண்டுக்குத் தெரு மதிப்பா, சர்வே எண் மதிப்பா என்று பாருங்கள். லேஅவுட்டுக்கு வெளியே விடுபட்ட நிலமானால் சர்வே எண் மதிப்பு கணிசமாகக் குறைவாக இருக்கலாம். தெரு மதிப்புதான் என்றால், உண்மை விலையையே எழுதிப் பதியுங்கள். சார்பதிவாளர் முத்திரைச் சட்டம் 47-அ பிரிவில் தனித்துணை ஆட்சியருக்கு (முத்திரை) அனுப்புவார். அவரிடம் இடத்தின் வடிவத்தையும் கட்ட முடியாமையையும் காட்டி மதிப்பைக் குறைக்கக் கேளுங்கள். ஆவணம் கைக்கு வரச் சில மாதம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குறைத்து நிர்ணயித்தால் வருமான வரிக்கும் அந்த மதிப்பே ஆதாரமாகும்.

10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அது உண்மைதான். ஆனால் வீடு அப்பா பெயரில், துண்டு அம்மா பெயரில் என்று ஆனால், 8,100 ரூபாய் மிச்சம் பிடித்ததற்குப் பின்னால் இரண்டையும் ஒரே மனையாக்க அலைய வேண்டும். அந்தத் துண்டுக்கு மதிப்பே உங்கள் மனையோடு சேர்ந்தால்தான். பிரித்து வாங்கினால் எதற்கு வாங்குகிறீர்கள்?

இப்போது விலை. உங்களைத் தவிர யாருக்கும் உதவாது என்று நினைக்கிறீர்கள். பின்பக்கம் பதினைந்தடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்து மனைக்காரருக்கும் அது உதவும். அவரிடம் உரிமையாளர் இன்னும் பேசவில்லை, அவ்வளவுதான். அவர் வாங்கிவிட்டால் உங்கள் கார் எங்கே நிற்கும்? ஆகவே 3 லட்சத்தில் பிடிவாதம் வேண்டாம். தாள்கள் சுத்தமாக இருந்தால் நாலரை லட்சம்வரை போங்கள். பத்திரச் செலவையும் வரியையும் அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டிப் பேசுங்கள். தன் ஆதாய வரியையும் பார்த்தால் அவரும் இறங்குவார்.

அந்த 20 ரூபாய் பத்திரத்தை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தையே பதிவு செய்ய வேண்டும். ரொக்கமாகக் கொடுத்த 50,000-ஐ அவர் வங்கி வழியாகத் திருப்பித் தரட்டும், நீங்களும் வங்கி வழியாக மறுபடி கொடுங்கள். ஒப்பந்தம் போட்டு மாதக்கணக்கில் இழுப்பதைவிட நேராகக் கிரயம் செய்வது மேல். அளவையரை வைத்து அளந்து, நான்கு எல்லையும் அளவும் புல வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதுவரை அந்த ஷீட்டுக்கு ஒரு செங்கல் சுவர்கூட எழுப்பாதீர்கள்.