மெட்டு பொதுச்சொத்து, அரேஞ்ச்மென்ட் யாருடையது?

கேள்வி: பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளாகப் பியானோ கற்பிக்கிறேன், எங்கள் சேகர ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிப்பதும் நானே. மாணவர்களுக்காகவும் ஆலயங்களில் வாசிப்பவர்களுக்காகவும் 16 கிறிஸ்துமஸ், ஞானப்பாடல்களை அரேஞ்ச் செய்து, ஸ்பைரல் பைண்டிங்கில் 200 பிரதிகள் போட்டு, பிரதி 250 ரூபாய்க்கு விற்றேன். 140 விற்றன, கிடைத்ததை ஆலயப் பியானோவைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டேன். இப்போது ஓர் இசை வெளியீட்டு நிறுவனம் நான்கு பாடல்களைக் குறிப்பிட்டு, 15 நாட்களுக்குள் 2 லட்சம் ரூபாய் தரும்படி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியுள்ளது. இதற்கிடையே ஓர் இசைப்பள்ளி என் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, தன் பெயரில் அட்டை போட்டு விற்கிறது. ஆண்டவரைத் துதிக்கும் பாட்டுக்குக் கூட உரிமை கொண்டாட முடியுமா?

பதில்: முடியும். பாடலின் பொருள் பக்தியா காதலா என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பார்ப்பதில்லை. இயற்றியவர் யார், அவர் இறந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையே பார்க்கிறது. இசையமைத்தவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். அதுவரை அந்த மெட்டை வேறொரு கருவிக்கோ வேறொரு தரத்துக்கோ ஒழுங்குபடுத்தி எழுதுவது, அதாவது உங்கள் மொழியில் அரேஞ்ச் செய்வது, சட்டத்தின் 2(a) பிரிவின்படி தழுவல். தழுவும் உரிமை 14-ஆம் பிரிவின் கீழ் உரிமையாளருக்கே உரியது. லாபம் ஆலயத்துக்குப் போனது என்பது உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டுமே தவிர, அனுமதியின் இடத்தை நிரப்பாது.

ஆகவே நான்கு பாடல்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பதில் எழுதாதீர்கள். ஒவ்வொன்றிலும் மெட்டு, சொற்கள், ஹார்மனியுடன் (மெட்டுக்குத் துணையாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களுடன்) கூடிய அரேஞ்ச்மென்ட் என்று மூன்று அடுக்குகள் உள்ளன. ஒன்றின் உரிமை முடிந்திருக்கும், மற்றொன்றினுடையது உயிரோடு இருக்கும்.

‘கிரேட் இஸ் தை ஃபெய்த்ஃபுல்னெஸ்’ பாடலில் உங்கள் பக்கம் வலுவானது. இசையமைத்த வில்லியம் ரன்யன் 1957-இலும், சொற்களை எழுதிய தாமஸ் சிசம் 1960-இலும் மறைந்தார்கள். எனவே இந்தியாவில் மெட்டின் உரிமை 2017 முடிவிலும் சொற்களின் உரிமை 2020 முடிவிலும் தீர்ந்துவிட்டன. அதன் கீழே தமிழ்ச் சொற்களையும் அச்சிட்டிருந்தால், மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

‘ஹவ் கிரேட் தவ் ஆர்ட்’ அப்படியன்று. அதன் மெட்டு பழைய சுவீடன் நாட்டுப்புற இசை. ஆனால் உலகம் அறிந்த ஆங்கிலச் சொற்களும் அதற்கேற்ற அரேஞ்ச்மென்டும் ஸ்டூவர்ட் ஹைன் தந்தவை. அவர் மறைந்தது 1989-இல் என்பதால் இந்தியாவில் 2049 டிசம்பர் 31 வரை அவருடைய உரிமை நிற்கும். நீங்கள் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்தே அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த மெட்டு உங்களுக்கு வேண்டுமானால் பழைய சுவீடிஷ் வடிவத்தைத் தேடியெடுத்து, சொற்களின்றிப் புதிதாக ஹார்மனி எழுதுவதே வழி. குழந்தைகளுக்காகச் சேர்த்த ‘ருடால்ஃப்’ பாடலில் அந்த வழியும் இல்லை: ஜானி மார்க்ஸ் இசையமைத்து 1949-இல் வெளிவந்த அதன் உரிமை 2040-களின் நடுப்பகுதி வரை நீளும்.

நான்காவது ‘சைலன்ட் நைட்’. குரூபர் 1818-இல் கிட்டார் துணையோடு பாடுவதற்காக அமைத்து, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் முதலில் பாடப்பட்ட இந்த மெட்டுக்கு இன்று எவரும் உரிமை கோர முடியாது. நிறுவனமும் மெட்டைக் கோரவில்லை, தன் அரேஞ்ச்மென்டைத்தான் கோருகிறது. நீங்கள் அனுப்பிய பக்கங்களையும் அவர்களுடைய பக்கங்களையும் அருகருகே வைத்து, பியானோ அறிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர்களுடையதில் மெட்டு கடைசி வரை வலக்கையிலேயே நிற்கிறது; மூன்றாம் சரணத்தில் சுருதி அரை ஸ்வரம் ஏறுகிறது. உங்களுடையதில் மூன்றாம் சரணத்தில் மெட்டு இடக்கைக்கு இறங்க, வலக்கை மேலே மணியோசை போல் ஒலிக்கிறது. அது உங்கள் கற்பனை. முதல் சரணத்தில் இடக்கை கார்டுகளை, அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரங்களை, ஒவ்வொன்றாக உடைத்து வாசிக்கும் முறை இரண்டிலும் ஒன்றாக இருந்தாலும், அது பியானோ வாசிக்கும் எல்லோருக்கும் பொதுவான பழக்கம். எவருடைய சொத்தும் அன்று. ஆனால் தொடக்கத்தில் மெட்டு வருவதற்கு முன் உள்ள நான்கு பார்கள் (தாளக் கட்டங்கள்) ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒன்றாக இருக்கின்றன. கல்லூரி நாட்களில் அந்தப் புத்தகத்தில்தான் பழகினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அறியாமல் நினைவிலிருந்து விரல்களுக்கு வந்திருந்தாலும் அது நகல்தான். அந்த நான்கு பார்களை மாற்றி எழுதுங்கள். நோட்டீஸுக்கான பதிலில் அதை நீங்களாகவே தெரிவித்துவிடுங்கள். மற்ற வாதங்களை நீதிமன்றம் நம்பிக் கேட்பதற்கு அந்த நேர்மை உதவும்.

2 லட்சம் என்ற தொகைக்கு அடிப்படையே தெரியவில்லை. உங்கள் மொத்த விற்பனை 35,000 ரூபாய். அனுமதி தேவைப்பட்ட இரண்டு பாடல்கள் புத்தகத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 4,375 ரூபாய், அதுவும் அச்சுச் செலவைக் கழிக்கும் முன். பதிப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபிப்பவரிடமிருந்து தடையாணையும் லாபத்தில் நீதிமன்றம் கருதும் பங்கும் மட்டுமே பெற முடியும் என்கிறது 55-ஆம் பிரிவு. அறியப்பட்ட பாடல்களில் அதை நிரூபிப்பது எளிதன்று. ஆகவே கணக்கைக் காட்டிச் சமரசம் பேசுவதே நல்லது. மீதமுள்ள 60 பிரதிகளும் ஸ்பைரல் பைண்டிங் என்பதால் அந்தப் பக்கங்களை இன்றே கழற்றிவிடலாம். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக 60-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம் என்று யாரேனும் சொன்னால், இப்போது வேண்டாம்; நோட்டீஸில் பாதி உண்மை.

ஆராதனையில் வாசிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மெய்யான சமயச் சடங்கின்போது இசைப்பதை 52-ஆம் பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. அந்த விலக்கு வாசிப்பதற்கே. அச்சிட்டு விற்பதற்கு அன்று.

இனி உங்கள் புத்தகத்தைத் திருடியவர்களைப் பார்ப்போம். இதில் எனக்கு உங்களைவிடக் கோபம் அதிகம். பழைய மெட்டாயினும், தேர்ந்த திறனும் தீர்மானமும் சிறிதளவேனும் படைப்பாற்றலும் சேர்ந்த வடிவத்துக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. மூலத்தன்மைக்கு இந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-இல் வகுத்தது. சுருதியை மட்டும் மாற்றி, விரல் எண் போட்ட பக்கங்களுக்கு இது பொருந்துவது கடினம். உங்கள் ‘சைலன்ட் நைட்’ மூன்றாம் சரணத்துக்குத் தாராளமாகப் பொருந்தும். பாடம் நடத்தும்போது ஆசிரியர் பிரதியெடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்று அவர்கள் வாதிடலாம். அட்டையை மாற்றி விலை வைப்பது பாடம் நடத்துவதாகாது. உங்கள் பெயரை நீக்கியது 57-ஆம் பிரிவு தரும் படைப்பாளியின் தனி உரிமையையும் மீறுகிறது.

பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனாலும் 500 ரூபாய்க் கட்டணத்தில் பதிந்துவைப்பது சாட்சியமாகப் பயன்படும். கணினியில் நொட்டேஷன் எழுதிய கோப்புகளின் தேதிகள், அச்சகத்தின் ரசீது, தேதியிட்டு மாணவர்களுக்குத் தந்த பிரதிகள், உங்கள் பெயருள்ள முதல் அட்டை ஆகியவற்றைத் திரட்டி, முதலில் அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்கு அவசியமானால் நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம்; மூன்றாண்டுக் கெடுவைத் தவறவிடக் கூடாது.

அடுத்த பதிப்பில் ஹைனுடைய பாடலோ ‘ருடால்ஃபோ’ வேண்டுமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். அந்த எழுத்தில் எத்தனை பிரதிகள், எத்தனை ஆண்டுகள், எந்தெந்த நாடுகள் என்பவை இடம்பெற வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் கொள்ளும். யாழ்ப்பாணத்திலோ டொரோண்டோவிலோ உள்ள சபைகளுக்குப் பிடிஎஃப் விற்க நினைத்தால் அந்த நாடுகளின் பெயர்களையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.