பள்ளிப் பிள்ளைகளுக்குத் தையலும் ஒட்டுத்துணிப் போர்வையும் சொல்லித்தர எதில் தொடங்கலாம்?

மெஷினில் தொடங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மதுரை திருநகரில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். சனிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாலு வருடமாகத் தையல் சொல்லித்தருகிறேன். முதல் வருடம் முதல் நாளே மெஷினைத் திறந்து வைத்தேன். 22 பிள்ளைகள், 2 மெஷின். இரண்டு பேர் மிதிக்க, இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள். மிதி மெஷினில் மேல் சக்கரம் நம் பக்கமாகச் சுற்ற வேண்டும். புதிதாக மிதிப்பவர்களுக்கு அது பின்பக்கம் திரும்பிக்கொள்ளும், உடனே நூல் சிக்கி அறும். அந்த இரண்டு மணி நேரமும் நான் பாபினில் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது முதல் நாள் பட்டன் மட்டும்தான். பட்டன் போன சீருடைச் சட்டை எல்லார் வீட்டிலும் இருக்கும், கொண்டுவரச் சொல்லுங்கள். நூலை ஒரு கை நீளத்துக்கு மேல் வெட்ட விடாதீர்கள். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு ஆளுயரத்துக்கு வெட்டுவார்கள், அத்தனையும் சிக்கும். பட்டனைத் துணியோடு இறுக்கித் தைத்தால் காஜாவில் மாட்டாது. நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, உருவிவிட்டு, அடியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அந்தச் சட்டையைத் திங்கட்கிழமை போட்டுக்கொண்டு வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பையன்களில் சிலர் "இது பொம்பளைப் பிள்ளைங்க வேலை மிஸ்" என்பார்கள். நான் வாதாடுவதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் போடுகிறவர்களுக்குச் சல்லடமும் (அரைக்கால் சட்டை) தலைப்பாவும் காலங்காலமாக மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தது யார் என்று கேட்பேன். பாதிப் பேர் அப்பாவோடு போய்ப் பார்த்திருப்பார்கள். வரிசையாக ஆம்பளை டெய்லர்கள்தான். அதோடு பேச்சு முடிந்துவிடும். (கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.)

ஒட்டுத்துணிக்கு வருகிறேன். துணிக்குக் காசு செலவழிக்காதீர்கள். ரவிக்கை வெட்டிய மிச்சம் எந்த டெய்லரிடம் கேட்டாலும் ஒரு கட்டைப்பை நிறையக் கிடைக்கும். பருத்தியை மட்டும் பிரித்தெடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஓர் இழையை நீங்களே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியாக நிற்கும். எல்லாவற்றையும் ஒரு தடவை அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். எங்கள் வகுப்பில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் என்பதால் சுங்குடித் துண்டுக்கு, அதாவது முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் மதுரைப் பருத்திச் சேலைத் துண்டுக்கு, பஞ்சமில்லை. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமையெல்லாம் சரி, அலசாமல் தைத்த ஒரு சிவப்புத் துண்டு எங்கள் முதல் போர்வையின் வெள்ளைக் கட்டங்களை ரோஸ் ஆக்கிவிட்டது.

கல்யாணப் பத்திரிகை அட்டையில் 5 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக் கொடுங்கள். அதை வைத்து வரைந்து, துணியின் நூலோட்டத்துக்கு (இழைகள் ஓடும் திசைக்கு) நேராக வெட்ட வேண்டும். கிராஸாக, அதாவது மூலைவாட்டாக, வெட்டிய துண்டு தைக்கும்போதே இழுபடும். பின்பக்கம் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பென்சில் கோடு, அந்தக் கோட்டின் மேல் ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேரே போவது), நாலு தையலுக்கு ஒன்று பின்தையல் (ஒரு தையல் பின்னால் வந்து குத்துவது). வரிசைக்கு மூன்றாக ஒன்பது சதுரத்தைச் சேர்த்தால் ஒரு பிளாக்.

தைக்கும் முன் பிளாக்கின் அகலம் எவ்வளவு வரும் என்று கேட்பேன். "மூவஞ்சு பதினஞ்சு மிஸ்" என்று கத்துவார்கள். தைத்து முடித்து டேப்பை வைத்தால் 14. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், டேப் சரியில்லை என்பார்கள், பக்கத்துப் பிள்ளையின் பிளாக்கை அளப்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. யாராவது ஒருத்தி திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு தையலும் இந்தத் துண்டில் கால், அந்தத் துண்டில் கால் என அரை அங்குலம் தின்றிருப்பதைக் கண்டுபிடிப்பாள். இரண்டு தையல், ஒரு அங்குலம். உடனே அடுத்த கணக்கு: நாலுக்கு மூன்றாக 12 பிளாக் சேர்த்தால் போர்வை எவ்வளவு? 56-க்கு 42 என்று இந்தத் தடவை யாரும் சொல்வதில்லை. பிளாக்கோடு பிளாக்கைச் சேர்க்கும் தையலும் அரை அங்குலம் தின்னுமே, 54½-க்கு 41. இந்த ஒரு வகுப்புக்காகவே நான் வருடாவருடம் போகிறேன் என்று சொன்னால் நம்புங்கள்.

நடுவில் வைக்கப் பஞ்சு வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு யார் போர்த்துவது? பழைய வேட்டி இரண்டு மடிப்பு போதும், அடியில் ஒரு பழைய சேலை. மூன்றையும் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, பெரிய பெரிய தையலாகப் போட்டுத் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, கட்டத்துக்குக் கட்டம் கையால் ஓட்டுத்தையல். சுற்றிலும் உட்கார்ந்தால் ஒரே நேரத்தில் பத்துப் பேர் தைக்கலாம், கதையும் பேசலாம். 108 சதுரம் வெட்டி முடிப்பதிலிருந்து இதுவரை எங்களுக்குப் பதினான்கு சனிக்கிழமைகள் பிடித்தன.

இதற்குப் பிறகு மெஷின். முதலில் நூல் கோக்காமல், பழைய ஊசியை மாட்டி, கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்லுங்கள். கோடு தவறாமல் ஒரு பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் நூல்.

ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஒருநாள் ஒன்று குறைந்தது. மணி அடித்தும் யாரையும் விடவில்லை. பெஞ்சை நகர்த்தி, பெருக்கி, செல்போன் வெளிச்சத்தில் தேடினோம். எல்லாரையும் விட மும்முரமாகத் தரையில் தவழ்ந்து தேடிய பையனின் சட்டைக் காலரில் நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது.