வாசகர் கேள்வி – பதில்: சைக்கிளில் ஊர் திரும்பிய நாள்

'உங்கள் வாழ்வின் மிகப் பெரிய தருணம் எது?' என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். திருமணம், பிள்ளைப்பேறு, முதல் சம்பளம், சொந்த வீடு எனப் பலரும் மனம் திறந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் தனியாக நின்றன. 1991, 1992ஆம் ஆண்டுகளில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர அங்கே நடந்த அறிவொளி இயக்கத்தைப் பற்றியே அவற்றுள் பெரும்பாலானவை பேசுகின்றன. அந்த இயக்கத்தில் கீரனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தொண்டராக இருந்தவள் என்பதால், இக்கடிதங்களை ஒரே மூச்சில் படித்து முடிக்க என்னால் இயலவில்லை. இந்த இதழ் முழுவதையும் அவற்றில் எழுந்த கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: டீச்சர், எனக்கு இப்போது 68 வயது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. 1992இல் அறிவொளி வகுப்பில் சேர்ந்த பிறகு, கண்மாய்க்கரையில் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் இரண்டு குடம் தண்ணீரைக் கேரியரில் கட்டிக்கொண்டு, மகனை முன்னால் பாரில் உட்கார வைத்துக்கொண்டு, யாருடைய துணையும் இல்லாமல் ஊர் திரும்பினேன். என் வாழ்க்கையில் அதுதான் பெரிய நாள் என்று பேத்தியிடம் சொன்னேன். ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகிற அவள் சிரித்துவிட்டாள். கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் இருக்கும்போது சைக்கிளைச் சொல்வது தப்பா?
– ஒரு வாசகி, திருமயம் வட்டம்

பதில்: தப்பே இல்லை அம்மா. உங்கள் பேத்தி சிரித்ததற்கும் காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, ஒரு பெண் சைக்கிளில் ஏறுவதை ஊரே தெருவில் கூடி நின்று வேடிக்கை பார்த்த காலம் ஒன்று இருந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 40 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 51 பேர். புதுக்கோட்டை போன்ற வறண்ட, மழையை நம்பிய மாவட்டத்தின் சிற்றூர்களில் நிலைமை இன்னும் மோசமாக இருந்ததை நாங்கள் வீடு வீடாகப் போனபோது கண்ணால் பார்த்தோம். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முன்முயற்சியோடும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் உழைப்போடும் அறிவொளி தொடங்கியபோது, எழுத்து மட்டும் போதாது, பெண்களுக்கு நடமாட்டமும் வேண்டும் என்று கண்டுகொண்டு, அதை நடத்தியவர்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுத்தந்தார்கள். அந்த இயக்கம் எடுத்த முடிவுகளிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் என்பதை உங்கள் வயதை ஒத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; பேத்திக்காகச் சொல்கிறேன். பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும், சில நாள் வராது. கீரையும் பூவும் விற்கப் போகும் பெண், பேருந்து நிறுத்தம் வரைக்குமே அப்பாவையோ அண்ணனையோ கணவனையோ கெஞ்சிக் கூட்டிப்போகச் சொல்ல வேண்டும். விற்று முடிக்கும் முன்பே, கடைசிப் பேருந்து போய்விடுமே என்ற பயத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஓடி வர வேண்டும். சைக்கிள் கைக்கு வந்ததும் அவள் நேரம் அவளுடையதாயிற்று. தண்ணீர் எடுத்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சரக்கை விற்று, இரவு வகுப்புக்கும் வர முடிந்தது. குடுமியான்மலைப் பக்கத்துக் கல் குவாரிகளில் வேலை செய்த பெண்களும், அங்கன்வாடி ஊழியர்களும், ஆசிரியைகளும், கிராமச் செவிலியர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களோடு புதுக்கோட்டை நகரத் தெருக்களை நிறைத்த காட்சி இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

பாரில் மகனை உட்கார வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் எனக்கு எல்லாவற்றையும் நினைவுபடுத்திவிட்டது. பெண்கள் சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போனதால் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் பலர் விரும்பியே அதை எடுத்தார்கள், ஏனென்றால் முன்னால் பிள்ளையை உட்கார வைக்க அந்தப் பார் வேண்டியிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் ஏறியவர்கள் கேட்ட பேச்சுகளை இங்கே எழுதக் கை வரவில்லை. கேட்டுக்கொண்டே ஓட்டினார்கள்.

உங்கள் திருமண நாளை உங்கள் பெரியவர்கள் குறித்தார்கள். மாப்பிள்ளையை அவர்கள் பார்த்தார்கள். அன்று உங்களுக்கு மகிழ்ச்சி இருந்திருக்கலாம், ஆனால் அந்த நாளில் உங்கள் தீர்மானம் என்று எதுவும் இருந்திருக்காது. சைக்கிளில் ஏறுவது என்று நீங்களே தீர்மானித்தீர்கள். முழங்கால் சிராய்ந்து விழுந்ததும் நீங்கள், எழுந்ததும் நீங்கள். முப்பத்தைந்து வயது வரை பிறர் கையில் இருந்த ஒன்று அன்று உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அதைப் பெரிய நாள் என்று சொல்ல உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பேத்தியை அந்தக் கண்மாய்க்கரைக்கு ஒரு மாலை அழைத்துப் போய், முதலில் விழுந்த இடத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: நானும் உங்களைப் போல் அறிவொளித் தொண்டனாக இருந்தேன். அறுபது வயதுப் பாட்டி ஒருவர் முதன்முதலில் தன் பெயரை எழுதி முடித்ததைப் பார்த்ததுதான் என் வாழ்வின் மிகப் பெரிய தருணம். ஆனால் கற்றவர்களில் பலர் பின்னாளில் மறந்துவிட்டார்கள். மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றது என்ற அறிவிப்பையே இன்று சிலர் கேலி பேசுகிறார்கள். அப்படியானால் நாங்கள் அன்று கண்ட மகிழ்ச்சி பொய்யா?
– ஒரு வாசகர், அறந்தாங்கி

பதில்: ஐயா, இந்தக் கேள்வியை நான் முப்பது ஆண்டுகளாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறந்துவிட்டார்கள் என்பது உண்மை. அதை மறைக்கக் கூடாது. சில மாதங்கள் இரவு வகுப்பில் கற்ற எழுத்து, அதன் பிறகு படிக்க ஒரு தாளும் கையில் இல்லாமல் களையெடுப்பிலும் கல் உடைப்பிலும் நாள் கழிந்தால், கண்ணைவிட்டு மெல்ல மங்கிவிடும். தொடர் கல்வி என்று பிறகு திட்டங்கள் வந்தன. ஆனால் முதல் ஆண்டில் ஊர் ஊராய்க் கலைப்பயணக் குழுக்கள் பாடி ஆடி மூட்டிய சூடு அவற்றில் இல்லை. அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் எல்லோரும் கொஞ்சம் சீக்கிரமாகவே வீடு திரும்பிவிட்டோம். அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் நீங்கள் கண்டது பொய் என்று ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் வகுப்பில் நாற்று நடப் போகிற ஒரு அக்கா இருந்தார். பலகைக்கும் சிலேட்டுக்கும் முன்னால் மணலில்தான் விரலால் எழுதப் பழகினோம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஓர் இரவு தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் பிழையில்லாமல் எழுதி முடித்தவர், வகுப்பு கலைந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கேட்டபோது, "யாராவது மிதிச்சிருவாங்க டீச்சர்" என்றார். விடியும் வரை அங்கேயே இருக்க முடியாதே என்று சொல்லி, சுற்றிலும் நான்கு கல்லை வைத்துவிட்டுத்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகும் முன் வந்து பார்த்தாராம். பெயர் அப்படியே இருந்ததாம்.

அதுவரை அவருடைய பெயரைப் பிறர் எழுதினார்கள், பிறர் படித்தார்கள். கடன் வாங்கும் இடத்தில் மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளி, முகத்தைக்கூடப் பார்க்காமல், "கைநாட்டா? விரலை வை" என்று சொல்லுவார்களாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் "உனக்கு எதுக்கு?" என்று பதில் வருமாம். கையெழுத்துப் போடப் போகிறேன் என்று சொல்லிப் பேனாவைக் கேட்டு வாங்கிய அன்று, தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கவும் முயன்றிருக்கிறார். பின்னாளில் அவருக்குக் கூட்டிப் படிப்பது மறந்து போனது. பெயர் எழுதுவது மறக்கவில்லை. எதிலும் கையெழுத்திடும் முன்பு, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் பழக்கமும் போகவில்லை. மாவட்டம் முழுவதும் எழுத்தறிவு பெற்றதா என்ற கணக்கை ஆய்வாளர்கள் சரிபார்க்கட்டும், பார்க்கவும் வேண்டும். உங்கள் பாட்டியின் அந்த நிமிடம் அந்தக் கணக்கில் வராது.

கேள்வி: 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாகச் சேலக்கோடன் ஆயிஷா அறிவித்தபோது கூட்டத்தில் ஒருத்தியாக நின்றிருந்தேன். எனக்கு முன்பே படிப்பு உண்டு. அந்த வெற்றியில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் அதைத்தான் என் பெரிய தருணமாக நினைக்கிறேன். பிறருடைய நாளை நம்முடையதாகச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, பாலக்காடு

பதில்: தாராளமாகச் சொல்லலாம். அமைச்சர்கள் கூடியிருந்த மேடையில் அறிவிப்பை வாசிக்கும் பெருமை, முதிய வயதில் எழுத்துக் கற்ற மலப்புறத்துப் பெண்மணி ஒருவருக்குத் தரப்பட்டது என்பதைச் செய்தித்தாளில் படித்த எங்களுக்கே உடல் சிலிர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு எர்ணாகுளம் மாவட்டம் பெற்ற வெற்றிதான் எங்கள் பக்கத்தில் பலருக்கும் நம்பிக்கை ஊட்டியது. நேரில் நின்று கேட்ட உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

கேள்வி: சைக்கிள் ஓட்டியதையும் பெயர் எழுதியதையும் பெரிதாகப் பேசுகிறீர்கள். சாதனையாளர்களின் வாழ்க்கையில் வரும் தருணங்களோடு இவற்றை ஒப்பிட முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவர், புதுக்கோட்டை

பதில்: தம்பி, உங்கள் ஊரிலேயே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்த பெண் அவர். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை மாகாண சட்ட மேலவையில் அமர்ந்தார். தங்கை புற்றுநோயில் இறந்த துயரத்தை மறக்காமல் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பாடநூல் பட்டியலிடும் இவற்றையெல்லாம்விட, அந்தக் கல்லூரி வாசலை முதல் முறை தாண்டிய காலைப் பொழுதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த வாசலுக்கும் திருமயத்து அம்மாவின் கண்மாய்க்கரைக்கும் இடையே எனக்கு அதிகத் தொலைவு தெரியவில்லை. இரண்டு இடத்திலும் "பெண்ணுக்கு எதற்கு?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

கேள்வி: வீட்டை ஒழுங்கு செய்தபோது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கிடைத்தது. பக்கம் பக்கமாக அவர் பெயர் மட்டுமே எழுதியிருக்கிறது. முதல் பக்கத்தில் எழுத்துகள் கோணலாக இருக்கின்றன, கடைசிப் பக்கத்தில் நேராகிவிட்டன. அறிவொளி நோட்டு என்று அப்பா சொல்கிறார். அம்மாவைக் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை, தூக்கிப் போடு" என்கிறார். அதை லேமினேட் செய்து மாட்டலாமா?
– ஒரு வாசகி, ஆலங்குடி

பதில்: தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பழைய தாள் சூட்டில் பாழாகும். ஒரு முறை ஒட்டிவிட்டால் பிரிக்கவும் முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, நோட்டைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

அம்மா "ஒன்றுமில்லை" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முப்பது ஆண்டுகள் பெட்டியின் அடியில் ஒன்றை வைத்திருப்பவர் அதை ஒன்றுமில்லாததாக நினைத்து வைத்திருக்க மாட்டார். அவரைப் பேட்டி காண்பதுபோல் எதிரே உட்கார வைத்துக் கேட்டால் பேசமாட்டார். காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். எது பெரிய தருணம் என்று கேட்காதீர்கள். வகுப்பு யார் வீட்டுத் திண்ணையில் நடந்தது, விளக்குக்கு மண்ணெண்ணெய் யார் கொடுத்தார்கள், நீங்கள் கைக்குழந்தையாக இருந்திருந்தால் உங்களை யாரிடம் விட்டுவிட்டு வந்தார், எந்த எழுத்து அவருக்கு வளையவே மறுத்தது என்று கேளுங்கள். என் வகுப்பில் 'ழ' பலரை அழ வைத்தது.

கடைசிப் பக்கத்தில் இடம் மிச்சமிருந்தால், இன்றைய தேதியைப் போட்டு அவர் பெயரை இன்னொரு முறை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தின் படத்தை எனக்கும் அனுப்பிவையுங்கள்.