பழைய பெல்ட் வண்டியைச் செப்பனிடலாமா, தள்ளிவிடலாமா?

கேள்வி: 2013-இல் வாங்கிய பெல்ட் வகை (சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும்) நெல் அறுவடை வண்டி வைத்திருக்கிறேன். மீட்டர் 5,200 மணி நேரம் காட்டுகிறது. புகை வருகிறது, வைக்கோலோடு நெல்லும் போகிறது, மதியத்துக்கு மேல் சேற்றில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. செப்பனிட நாலரை லட்சம் ஆகுமாம். புது வண்டி 28 லட்சம் சொல்கிறார்கள். எதைச் செய்வது?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது புகை இல்லை, அந்த ‘மதியத்துக்கு மேல்’தான்.

காலையில் நன்றாக இழுத்து, சூடேறியதும் சோர்ந்துபோனால், வண்டியை நகர்த்தும் ஹைட்ராலிக் பம்பு, மோட்டார் உள்ளே தேய்ந்திருக்கலாம். எண்ணெய் சூட்டில் இளகி உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும், அழுத்தம் நிற்காது. பெரிய செலவு இதுதான். ஆனால் உடனே பயப்பட வேண்டாம். எஞ்சினிலிருந்து பம்புக்கு வரும் பெல்ட் தளர்ந்திருந்தாலும், பில்டர் அடைத்திருந்தாலும் இதே குணம் காட்டும். முதலில் அந்த பம்பு பெல்ட்டை இறுக்கி, எண்ணெயையும் பில்டரையும் மாற்றுங்கள். பிறகு ஒரே வரப்பில் காலையில் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் ஓட்டிய பின் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள்.

புகைக்கு நிறம் பாருங்கள். கருப்பு என்றால் பெரும்பாலும் ஏர் பில்டர் அல்லது இன்ஜெக்டர். நீலம் என்றால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது, சிலிண்டருக்குள் ரிங், லைனர் தேய்ந்து மாற்றும் வேலை இருக்கலாம். இத்தனை மணி நேரம் ஓடிய வண்டிக்கு அது எதிர்பார்த்த செலவுதான்.

அடுத்து நெல் இழப்பு. ஓட்டத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் விழுந்த வைக்கோலில் ஒரு கைப்பிடி எடுத்து உதறுங்கள். கதிரிலேயே மணி ஒட்டியிருந்தால் அடிப்பு போதவில்லை: கதிரை அடிக்கும் டிரம்மின் பல், இடைவெளி, சுற்று வேகம் ஆகியவற்றைப் பாருங்கள். உதிர்ந்த மணி வைக்கோலுக்குள் கிடந்தால் சல்லடையோ காற்றோ காரணம். இது தெரியாமல் பட்டறைக்குப் போனால் இரண்டையும் மாற்றச் சொல்வார்கள்.

நெல் உமியில் சிலிக்கா அதிகம். அது உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தின்னும். டிரம் பல்லை விரலால் தடவிப் பாருங்கள், ஓடும் திசைப் பக்கம் மட்டும் கத்தி போல மெலிந்திருக்கும். சில வண்டிகளில் அதைத் திருப்பிப் போட்டு இன்னொரு பருவம் ஓட்டிவிடலாம். மாற்றுவதானால் எதிரெதிர் பல்லை ஜோடியாக மாற்றுங்கள். நான் ஒரு முறை சிக்கனம் பார்த்து, தேய்ந்த ஏழு பல்லை மட்டும் மாற்றினேன். டிரம் ஒரு பக்கம் கனத்து அதிர்ந்தது. மூன்றாம் நாள் நடுவயலில் பேரிங் உடைந்தது. மிச்சம் பிடித்ததைப் போல நான்கு மடங்கு போனது.

நெல்லைத் திருகித் தள்ளும் ஆகர் குழாயின் அடித்தகடும் இப்படித்தான் காகிதமாகிவிடும். அதற்குத் தகடு வைத்து வெல்டிங் போதும். வண்டி ஓடும் ரப்பர் பெல்ட்டில் உள்கம்பி வெளியே தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். அதோடு பெல்ட்டை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கி போல வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஸ்ப்ராக்கெட் புது பெல்ட்டைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

சரி, முடிவுக்கு வருவோம். வண்டியைக் கழுவி, அடிச்சட்டத்தில் வெல்டிங் மூட்டுகளைத் தட்டிப் பாருங்கள். சட்டத்தில் விரிசல் இருந்தாலும், மேலே சொன்னதையெல்லாம் செய்த பிறகும் சூட்டில் இழுவை போனாலும், நாலரை லட்சத்தை அதில் கொட்டாதீர்கள். இரண்டும் நன்றாக இருந்தால் செப்பனிடுவதுதான் என் கட்சி. 2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனாலும் குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டில் சில வாரங்களே ஓடும் வண்டிக்கு 28 லட்சத்தின் தவணை கனமானது.

எதுவானாலும் சம்பா அறுப்பு முடிந்த கையோடு, சித்திரை வைகாசியிலேயே வண்டியைப் பிரித்துவிடுங்கள். தை மாதம் பட்டறைக்குப் போனால் உங்களுக்கு முன் பத்து வண்டி நிற்கும்.