ஆணியை லேத்துக்குக் கொண்டு போகாதீர்கள்
பெரிய போர் ரைபிள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போர் (குழல் துளையின் அளவு, அங்குலத்தில்) எது, எந்த நாட்டுச் சரக்கு, குழலடியில் என்ன முத்திரை என்று ஒன்றுமே இல்லை. "அப்பாரு வெச்சிருந்த பெரிய துப்பாக்கிங்க, நல்லா இருக்குமுங்களா?" என்றால் நான் என்ன சொல்ல? ஜாதகம் பார்க்கிறவருக்கே பிறந்த நேரம் வேண்டும். முத்திரையைப் படித்து எழுதியவர்களுக்குத்தான் கீழே பதில். படிக்காத ஓரிருவருக்கும் எழுதியிருக்கிறேன், ஆபத்து இருப்பதால்.

அப்பாரு காலத்து இரட்டைக்குழல், .500 போர், 3 அங்குலத் தோட்டா. புது .500 நைட்ரோ (புகையில்லா மருந்து) தோட்டா சேம்பரில் (குழலில் தோட்டா அமரும் அறை) கச்சிதமாக உட்காருகிறது. சுடலாமா? (பொள்ளாச்சி)

உட்காருகிறதே, அதுதான் பயம். கறுப்பு மருந்துக் காலத்து .500 எக்ஸ்பிரஸும் பிற்கால .500 நைட்ரோ எக்ஸ்பிரஸும் ஒரே கூடு (தோட்டாவின் பித்தளை உறை), ஒரே நீளம். உள்ளே இருப்பதுதான் வேறு. பழையது 440 கிரெய்ன் (குண்டை எடை போடும் சிறு அளவு) குண்டை நொடிக்கு 1,900 அடி சொச்சத்தில் தள்ளும். நைட்ரோ 570 கிரெய்ன் குண்டை 2,150 அடியில் தள்ளும். அழுத்தம் சுமார் ஒன்றரை மடங்கு. கறுப்பு மருந்துக் குழலில் இதைப் போட்டால் குழல் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். தாங்கினாலும் கீல் ஆணி தளர்ந்து, குழலுக்கும் அடிக்கட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

குழலைக் கழற்றிக் கவிழ்த்து, அடியில் முத்திரையைப் படியுங்கள். நைட்ரோ புரூஃப் என்ற சொல்லோ, என்.பி. என்ற எழுத்தோ, "கார்டைட் 80 - 570" போல மருந்தும் குண்டும் கொண்ட எண்ணோ இருந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் பேச்சே கிடையாது. கழற்றும் முன் இரண்டு சேம்பரும் காலி என்று கண்ணால் பாருங்கள். "எங்க வீட்டுல எப்பவும் காலியாத்தான் வெப்போம்" என்பது கண்ணால் பார்த்தது ஆகாது.

பனியன் ஏற்றுமதி வேலையாக ஜோகன்னஸ்பர்க் போகிறேன். கூட இருப்பவர்கள் காட்டெருமை வேட்டைக்கு அழைக்கிறார்கள். .375-ஆ, .458-ஆ? (திருப்பூர்)

.375. யோசிக்கவே வேண்டாம். 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டு வந்தது, 300 கிரெய்ன் குண்டு, சுமார் 2,500 அடி வேகம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான பெரிய விலங்குக்குச் சட்டம் கேட்கிற குறைந்தபட்ச அளவு இதுதான். உங்களிடம் இருக்கிற .315-ஐப் போல மூன்று மடங்கு உதைக்கும், அதையாவது பழகிக்கொள்ளலாம். .458 அதற்கும் மேல். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவன் கையில் எந்தப் போரும் சின்னப் போர்தான்.

இங்கிருந்து ரைபிள் சுமந்து போக வேண்டாம். அங்கே வேட்டை ஏற்பாடு செய்பவர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கிய அன்றே 20 ரவுண்டு சுட்டுப் பாருங்கள். கடையில் சட்டையே போட்டுப் பார்த்துத்தானே வாங்குவீர்கள்?

.458 வின்செஸ்டரைப் பற்றி அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு புகார்? இப்போது வாங்கலாமா? (கோபியிலிருந்து போய் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் வாசகர்)

1956-இல் வந்தது. தோட்டாவை ஏற்றி அடைக்கும் தண்டு ஓடுகிற, சாதாரண நீள ஆக்‌ஷனில் அடங்க வேண்டும் என்பதற்காகக் கூட்டைக் குட்டையாக்கினார்கள். 500 கிரெய்ன் குண்டுக்கு வேண்டிய மருந்தைத் திணித்துத்தான் அடைக்க முடிந்தது. வெயிலிலும் குலுக்கலிலும் நாள்பட்ட தோட்டாவில் மருந்து கட்டி தட்டியது. அட்டையில் 2,100-க்கு மேல் என்று போட்டிருக்கும், குழலை விட்டு வெளியே வரும்போது 2,000-கூட இருக்காது. யானை முன்னால் நிற்கும்போது அந்த 100 அடி சின்ன விஷயமில்லை. இதற்காகத்தான் ஜாக் லாட் 1971-இல் கூட்டை நீட்டி .458 லாட் செய்தார். லாட் சேம்பரில் பழைய .458 தோட்டாவையும் சுடலாம், மாற்றிச் செய்ய முடியாது. இப்போதைய மருந்துகள் மேல், புதுத் தோட்டாவானால் .458-ஐத் தைரியமாக வாங்கலாம். முன்னோர் வாங்கி வைத்த பெட்டியை நம்ப வேண்டாம்.

அடுத்த குண்டு சிக்குகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பத்துக்கு எட்டுப் பேருக்கு அது ரைபிளின் குறை இல்லை. போல்ட்டை (தோட்டாவை ஏற்றும் அந்தத் தண்டை) முக்கால் தூரம் இழுத்துவிட்டு முன்னே தள்ளுகிறீர்கள். பெரிய போர்த் தோட்டா நீளமானது. பின்சுவரில் 'டக்' என்று முட்டும்வரை இழுத்து, அப்புறம் தள்ளுங்கள். மவுசர் வகையில் அகன்ற கொக்கி, மேகசினை விட்டு எழும்போதே தோட்டாவின் விளிம்பைக் கவ்விவிடும். அதிலும் அரைகுறையாக இழுத்தால் சிக்கல்தான்.

ரிக்பி .416 தோட்டா ஏன் அவ்வளவு பருமன்? (கரூர்)

கரூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? சித்திரை வெயில்தான் பதில். 1911-இல் கார்டைட் மருந்து. வெப்பம் ஏற ஏற அதன் அழுத்தம் எகிறும், கூடு சேம்பரில் ஒட்டிக்கொண்டு போல்ட் திறக்காது. கூட்டைப் பெரிதாக்கி அழுத்தத்தைக் குறைத்து வைத்தார்கள், 40 டிகிரியிலும் கழன்று வரட்டும் என்று. தோட்டாப் பெட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்.

ஈஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை .315. ஐந்துக்கு இரண்டு வெடிப்பதில்லை. ஒன்று அமுக்கி அரை நொடி கழித்து வெடித்தது! (காங்கயம்)

.315 பெரிய போர் கணக்கில் வராது, ஆனாலும் உங்கள் கடைசி வரியால் பதில் எழுதுகிறேன். விசையை இழுத்து வெடிக்கவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உடனே போல்ட்டைத் திறந்து பார்த்த ஆள் இரண்டாம் தடவை பார்க்க இருக்க மாட்டார்.

என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்ற கேள்விக்கு நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள்: "நம்ம செக்குத் தேங்காயெண்ணெய்". போல்ட்டுக்குள் ஆணியும் (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி) சுருளும் இருக்கிற இடத்தில் அது தூசியோடு சேர்ந்து பசையாகிறது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும் போகிறது. மார்கழி விடியலில் உங்கள் ஆணி வெண்ணெய்க்குள் நடக்கிறது. தோட்டாவின் கேப்பில் (அடியில் தீப்பொறி கிளப்பும் மூடி) தட்டு லேசாக விழும். போல்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, நன்றாக உலர்த்தி, துப்பாக்கி எண்ணெய் ஒரு துளி விடுங்கள், போதும். அதற்குப் பிறகும் வெடிக்காவிட்டால் தோட்டாவின் வயதைப் பாருங்கள்.

.375 போல்ட் ரைபிள், ஆணி முனை மழுங்கிவிட்டது. இங்கே கணபதியில் தெரிந்த லேத் பட்டறையில் அச்சாக அதே மாதிரி கடைந்து தருகிறேன் என்கிறார். கம்பெனி ஆணிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமே? (கோவை)

இந்தக் கேள்வி ஆண்டுக்கு ஐந்து முறையாவது வருகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நம் ஊர் லேத்துக்காரர் கைவண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. மோட்டார் பம்ப் ஷாப்ட் முதல் ஸ்பின்னிங் மில் சாமான் வரை கண்ணளவிலேயே கடைந்து கொடுப்பவர்கள். அதுவேதான் வில்லங்கம். பம்பில் ஒரு நூல் கூடினால் தண்ணீர் கசியும். ரைபிளில் அதே ஒரு நூல் கூடினால் கண் போகும்.

கணக்கு இதுதான். போல்ட் முகத்திலிருந்து ஆணி முனை நீட்டிக்கொண்டிருக்க வேண்டியது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். குறைந்தால் வெடிக்காது. கூடினால் கேப்பைக் குத்தி ஓட்டை போடும். அந்த ஓட்டை வழியாகப் பல ஆயிரம் பவுண்டு அழுத்தத்தில் சுடுவாயு பின்னால் வரும், உங்கள் முகம் இருக்கும் திசையில். முனை அரை உருண்டையாக இருக்க வேண்டும், கூம்பாக அல்ல. உருக்கு காய்ச்சித் தோய்த்துப் பதமாக்கிய வகையாக இருக்க வேண்டும். ரொம்பக் கடினமானால் உடையும், மிருதுவானால் கொண்டை போலப் பரவி ஓட்டைக்குள் சிக்கும். இரட்டைக்குழலில் இன்னொரு தொல்லை: அடித்த ஆணி பின்வாங்காவிட்டால் துப்பாக்கியைத் திறக்கும்போது முனை கேப்பில் மாட்டி ஒடியும்.

இதெல்லாம் படித்துத் தெரிந்ததல்ல. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அவசரப்பட்டு ஒரு பட்டறையில் ஆணி கடையக் கொடுத்தேன். நகை மாதிரி பளபளவென்று செய்து கொடுத்தார். முதல் இரண்டு ரவுண்டு அருமை. மூன்றாவதில் 'புஸ்' என்று முகத்தில் அறைந்தது. மூக்குக் கண்ணாடி முழுக்கக் கரி. கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆணி அரை மில்லிமீட்டர் நீளம். அவர் தப்பில்லை, அளவுக் கருவி வைத்து அளக்காமல் மாட்டியவன் நான்.

சட்டமும் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கி பழுது பார்க்கவே லைசென்ஸ் வேண்டும். உங்கள் நண்பர் உதவி செய்யப் போய் வழக்கில் நிற்பார். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுங்கள், மாதக்கணக்கில் காத்திருங்கள். அந்த ரைபிளை வைத்து நாளைக்கே எதைச் சுடப் போகிறீர்கள்?

திருகுகளைக் கைக்குக் கிடைத்த ஸ்குரூ டிரைவரால் திருகி, தலைப்பள்ளத்தை நாசம் செய்பவர்களுக்கும் இதே பதில்.

பழைய கைனோக் (ஆங்கிலேயக் கம்பெனி) தோட்டா ஒரு பெட்டி. சுட்ட மறுநாளே குழலுக்குள் சிவப்புத் துரு. எண்ணெய் போட்டுத்தான் வைத்தேன். (வால்பாறை)

அந்தக் காலக் கேப்பில் இருந்த ரசாயனம் வெடித்தபின் உப்பாகக் குழலில் படியும். வால்பாறை ஈரத்தை அது உறிஞ்சாமல் இருக்குமா? உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றி, துணியால் துடைத்து உலர்த்தி, அப்புறம் எண்ணெய். தேங்காயெண்ணெய் இல்லை என்று மறுபடி சொல்ல வேண்டுமா?

எங்கள் எஸ்டேட் இரட்டைக்குழல் .450/400. .450 தடை செய்யப்பட்ட போர் என்கிறார்களே? (அதே வால்பாறை, வேறு வாசகர்)

பெயரில் .450 இருந்தாலும் குழல் .400 அளவுதான். .450 கூட்டை வாயில் ஒடுக்கியது. 1907-இல் ஆங்கிலேயர் .450-ஐ இந்தியாவில் தடுத்தது, அரசாங்க மார்டினி-ஹென்றி ரைபிளுக்கு அந்தக் குண்டு பயன்பட்டுவிடும் என்ற பயத்தில். அதனால்தான் .465, .470, .475 என்று வரிசையாக முளைத்தன. தடையை ஏமாற்றப் பிறந்த போர்கள் தடை செய்த போரைவிடப் பேர் வாங்கின. உங்கள் லைசென்ஸ் புத்தகத்தில் போர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய குமாஸ்தாக்கள் சாய்கோட்டைக் கண்டால் ஏதாவது ஒரு பக்கத்தை விட்டுவிடுவார்கள்.

சுட்டதும் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) புருவத்தைப் பிளந்துவிட்டது. மூன்று தையல். (நாமக்கல்)

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நாலு அங்குலம் இருக்கட்டும். கட்டையைத் தோளில் அழுத்திப் பிடியுங்கள்.

பிடிக்குப் பின்னால் மரத்தில் மயிரிழை வெடிப்பு. பெவிகால் போடலாமா? (அவிநாசி)

கூடாது. குழலடி இரும்பு முட்டு மரத்தில் சரியாக அமராததால், மொத்த உதையும் மெல்லிய பிடியில் விழுகிறது. முட்டு அமரும் பள்ளத்தை எபாக்ஸியால் சரிசெய்து குறுக்குப் போல்ட் போட வேண்டும். வெடிப்பை ஒட்டுவது அதற்கு அப்புறம். எல்லாம் லைசென்ஸ் கடையில்.

எத்தனை ரவுண்டில் .470 குழல் தேயும்? (ஈரோடு)

உங்கள் தோள் முதலில் தேயும்.

.600 நைட்ரோ ஒன்று விலைக்கு வருகிறது. (பெயர், ஊர் இல்லை)

குண்டு 900 கிரெய்ன், ரைபிள் 7 கிலோ. எதற்கு என்று மட்டும் எழுதவில்லை.

மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. லைசென்ஸ் .315 இருக்கிறது. என் தோட்டம்தானே? (தாளவாடி)

தோட்டம் உங்களுடையது, பன்றி அரசாங்கத்துடையது. துப்பாக்கி லைசென்ஸ் என்பது வைத்திருக்க அனுமதி. வேட்டையாட அனுமதி அல்ல. 1972 வனவிலங்குச் சட்டப்படி முடிவு செய்வது வனத்துறை. ரேஞ்சர் அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். விளைச்சல் போன வேதனை எனக்குப் புரிகிறது, ஜாமீனுக்கு அலைகிற வேதனை அதைவிடப் பெரிது.

அய்யன் தவறிவிட்டார். மூன்று துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. (தாராபுரம்)

வீட்டில் இருக்கக் கூடாது. இன்றைக்கே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு லைசென்ஸுக்கு மனு. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டுதான். மூன்றாவதை அண்ணனோ தம்பியோ தன் பெயரில் கேட்கட்டும், இல்லையேல் விற்றுவிடுங்கள். உயிரோடு இருக்கும் பெரியவர்களுக்கு: 70 வயதானாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ உங்கள் காலத்திலேயே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. போகிற வரைக்கும் பெட்டியைப் பூட்டி வைத்துப் பிள்ளைகளை அலைய விடாதீர்கள்.

கடைசியாக, "இது என்ன போர் என்று பார்த்துச் சொல்லுங்க" என்று கவருக்குள் ஒரு தோட்டாவையே வைத்து அனுப்பிய வாசகருக்கு. அது .500/465. சுடாத, உயிருள்ள தோட்டா. தபாலில் முத்திரை குத்துகிறவர் அதன் கேப்பின் மேல் குத்தாமல் போனது யார் செய்த புண்ணியமோ. அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க எனக்கு அரை நாள் போனது. அடுத்த முறை அடிப்பாகத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.