17 கிலோமீட்டர் யாருடைய கணக்கு?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறோம். நான் பாலத்துக்கு அப்பால் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். எண்ணெய்ச் செலவு குறையும் என்று நம்பி இரண்டு ஆண்டுகளுக்கு முன், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் கார் வாங்கினேன். கடன் 120,000 வெள்ளி (ரிங்கிட்), ஒன்பது ஆண்டு, வட்டி 2.8 விழுக்காடு, மாதத் தவணை 1,391 வெள்ளி. லிட்டருக்கு 23 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். மீட்டர் 17-ஐத் தாண்டவே இல்லை. வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 64 கிலோமீட்டர், நிதானமாகத்தான் ஓட்டுகிறேன். சனி, ஞாயிறு என் கொழுந்தனார் காரை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போவார். திருமண மண்டப அலங்காரத் தொழில் தொடங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை நானே எண்ணெய் நிரப்பிவைப்பேன். எண்ணெய்க்குப் பணம் திரும்பத் தரும் கடன் அட்டையில்தான் ஊற்றுகிறேன். டோல் அட்டைக்கும் அதிலிருந்துதான் பணம் போடுகிறேன். அந்த அட்டையில் 6,200 வெள்ளி நிலுவை நிற்கிறது. எண்ணெய் மிச்சம் செய்யும் கருவி ஒன்று 680 வெள்ளிக்கு வருகிறது. ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்து வாங்கலாமா? அல்லது கொழுந்தனார் சொல்வதுபோல் இதைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் எடுப்பது நல்லதா? சில மாதங்களாகப் பின்னிருக்கைப் பக்கம் விசிறிச் சத்தம் வேறு அதிகமாகக் கேட்கிறது.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். காரைப் பற்றி இத்தனை கேட்டிருக்கிறீர்கள். கொழுந்தனாரைப் பற்றி நான்கு வாக்கியம் எழுதிவிட்டு அவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த 17. உங்கள் மீட்டர் காட்டுவது ஒட்டுமொத்த சராசரி. அதில் இரண்டு பேருடைய ஓட்டம் கலந்திருக்கிறது. மாதத்துக்கு 22 வேலை நாள், 64 கிலோமீட்டர் வீதம் நீங்கள் ஓட்டுவது சுமார் 1,400 கிலோமீட்டர். பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ போய்வர ஏறக்குறைய 320 கிலோமீட்டர்; நான்கு வாரத்துக்கு 1,280. அதாவது உங்கள் காரின் ஓட்டத்தில் கிட்டத்தட்ட பாதி உங்களுடையதே அல்ல.

பினாங்குப் பாலத்தில் வேக வரம்பு 80. பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளத்தில் பெரும்பாலும் சமதளம், ஒரே சீரான வேகம். அந்த வேகம் ஹைபிரிட்டுக்குத் தோதானது. பாலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நெரிசலில் கார் ஊர்ந்து போகும்போது பெரும்பாலும் மின்மோட்டாரே இழுத்துவிடும். அப்படி ஓட்டினால் லிட்டருக்கு 19 கிலோமீட்டராவது வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மீட்டர் ஏன் 17 காட்டுகிறது? மறுபாதி 15 ஓடியிருந்தால்தான் இரண்டும் கலந்து 17 வரும். பின்பெட்டி நிறையச் சாமான், விடியற்காலையில் மண்டபத்துக்குப் போய்ச் சேரும் அவசரம், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 130. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. 110-இல் போவதைவிட 130-இல் போனால் காற்றை எதிர்த்துத் தள்ளும் விசை சுமார் 40 விழுக்காடு கூடுதல். பிரேக் போட்டு மின்சாரத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பும் நெடுஞ்சாலையில் குறைவு. நகரத்தில் மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த வண்டியை நெடுஞ்சாலைச் சரக்கு வண்டியாக்கிவிட்டு, ஏன் 23 வரவில்லை என்று கேட்கிறீர்கள்.

இதை நான் சொல்வதால் நம்ப வேண்டாம். மீட்டரில் பயணக் கணக்கு இரண்டு இருக்கும், ஏ, பி என்று. திங்கட்கிழமை காலை புறப்படும்போது ஏ-யைப் பூச்சியமாக்குங்கள். வெள்ளிக்கிழமை மாலை எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி பூச்சியமாக்குங்கள். ஞாயிறு இரவு பாருங்கள். இரண்டே வாரத்தில் யார் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

இப்போது பணக் கணக்கு. குடிமக்களுக்கு அரசு மானியத்தோடு தரும் பூடி95 விலையில் எண்ணெய் லிட்டர் 1.99 வெள்ளி. நீங்கள் ஓட்டும் 1,400 கிலோமீட்டருக்கு 74 லிட்டர், சுமார் 147 வெள்ளி. வாரயிறுதி 1,280 கிலோமீட்டருக்கு 85 லிட்டர், சுமார் 170 வெள்ளி. டோல் போக ஒன்று, வர ஒன்று, மாதத்துக்கு எட்டு முறை. கூட்டினால் 120 வெள்ளியை ஒட்டி வரும். டயர் தேய்மானமும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் பராமரிப்பும் கிலோமீட்டருக்கு எட்டு சென் என்று குறைத்தே போட்டாலும் 100 வெள்ளி. ஆக மாதம் 390 வெள்ளி. ஆண்டுக்கு 4,680. காரின் மதிப்பு இறங்குவதை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஆண்டுக்கு 17,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கும் 32,000 ஓடிய காருக்கும் விற்கும்போது ஒரே விலை கிடைக்காது.

நீங்கள் கற்றுக்கொள்ளத் துடிக்கும் சிக்கன ஓட்டத்தால் என்ன கிடைக்கும்? 19-ஐ 22 ஆக்கினால் 74 லிட்டர் 64 லிட்டராகும். மாதம் 20 வெள்ளி. அது வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியைக் கீழே எழுதுகிறேன். ஆனால் 20 வெள்ளியைத் துரத்திக்கொண்டு 390 வெள்ளியைப் பார்க்காமல் இருக்க வேண்டாம்.

அந்த 390-இல் எண்ணெயும் டோலும் மட்டும் 290 வெள்ளி. அதை அட்டையில் ஏற்றுகிறீர்கள். அட்டையில் நிலுவை நிற்கிறது. நிலுவைக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால் 6,200-க்கு மாதம் 93 வெள்ளி வட்டி. எண்ணெய்க்குப் பணம் திரும்பத் தரும் அட்டைகளைப் பற்றி நான் பலமுறை எழுதிவிட்டேன்: மாதக் கடைசியில் முழுத்தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டுமே அதில் லாபம். 317 வெள்ளி எண்ணெய்க்கு அவர்கள் திருப்பித் தருவது சில வெள்ளிகள். வட்டியாக வாங்குவது 93. கொழுந்தனாரின் தொழிலுக்கு நீங்கள்தான் முதலாளி, அதுவும் 18 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கி முதல் போடும் முதலாளி. லாபத்தில் பங்கும் இல்லை.

அடுத்து, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய விசிறிச் சத்தம். உங்கள் கடிதத்திலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். பல ஹைபிரிட் கார்களில் பெரிய மின்கலம் பின்னிருக்கைக்கு அடியிலோ பின்னாலோ இருக்கும். அது சூடாகாமல் இருக்க, காருக்குள் இருக்கும் குளிர்காற்றையே ஒரு சிறு விசிறி இழுத்து அதற்குள் அனுப்புகிறது. காற்று நுழையும் வாய் பின்னிருக்கையின் ஓரத்தில், கால் வைக்கும் இடத்துக்கு மேலே, சீப்புப் பல் போன்ற பிளாஸ்டிக் கம்பிகளோடு இருக்கும். ஞாயிறு இரவு சாமான் இறக்கியதும் கைவிளக்கோடு குனிந்து அந்த இடத்தைப் பாருங்கள். இதே போன்ற அலங்காரச் சாமான் ஏற்றிய ஒரு காரில் நானே பார்த்திருக்கிறேன்: கம்பிகளின் இடையில் ஜிகினாத் தூள் மின்னிக்கொண்டிருந்தது, உள்ளே வலைபோன்ற வடிகட்டியில் செயற்கைப் பூவின் பச்சை நூலும் திரைத்துணிப் பஞ்சும் கம்பளம்போல் அடைந்திருந்தன. அதன்மேல் மூட்டையும் சாய்த்து வைத்திருந்தார்கள்.

காற்று போகாவிட்டால் விசிறி வேகமாகச் சுற்றும். அதுதான் நீங்கள் கேட்கும் சத்தமாக இருக்கலாம். மின்கலம் சூடேறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை உள்ளே வாங்குவதையும் வெளியே விடுவதையும் குறைத்துவிடும். அந்தக் குறையை எஞ்சின் ஈடுகட்டும், எண்ணெய் கூடுதலாகப் போகும். ஆகவே சனிக்கிழமை அடைந்த தூசிக்குத் திங்கட்கிழமை உங்கள் ஓட்டமும் விலை கொடுக்கிறது. இந்த வாரமே பராமரிப்பு மையத்தில் காட்டி அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சிறிய வேலை. அலட்சியப்படுத்தி மின்கலம் கெட்டால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். உத்தரவாதப் புத்தகத்தில் இந்த வடிகட்டியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள்.

எண்ணெய் மிச்சக் கருவிக்குப் பதில் ஒரே சொல்: வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களை ஆராய்ந்திருக்கிறது. எண்ணெயைக் குறிப்பிடும்படி மிச்சம் செய்தது என்று ஒன்றையும் அது கண்டதில்லை. அதற்காகச் சேமநிதியில் கை வைக்க நினைப்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. 2024-ஆம் ஆண்டுக்கு அந்த நிதி 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. அந்தப் பணத்தை எடுத்து, வேலை செய்யாத ஒரு பெட்டியில் போடப் பார்க்கிறீர்கள்.

மின்சாரக் காரும் இப்போது வேண்டாம். அது நல்ல வண்டியா கெட்ட வண்டியா என்பது வேறு விஷயம். உங்கள் கடன் தட்டை வட்டியில் போட்டது, அதாவது முதலில் வாங்கிய முழுத்தொகைக்கும் கடைசி ஆண்டுவரை வட்டி: 120,000-க்கு ஒன்பது ஆண்டு வட்டி 30,240 வெள்ளி, அதுவும் முன்பகுதித் தவணைகளில் அதிகமாகக் கழியும். இரண்டு ஆண்டில் 33,384 வெள்ளி கட்டிவிட்டீர்கள். இன்று கடனை முடிக்கக் கேட்டால், வட்டியை இப்படி முன்பகுதியில் அதிகமாகக் கழிக்கும் 78 விதிக் கணக்கில், ஏறக்குறைய 98,500 வெள்ளி கேட்பார்கள். அசல் குறைந்தது 21,500தான். 64,000 கிலோமீட்டர் ஓடிய இந்தக் காருக்கு அந்த விலை கிடைக்காவிட்டால், மீதியைப் புதுக் கடனோடு சேர்த்துக் கட்டுவீர்கள். ஒரு காரின் கடனை இன்னொரு காரின் மேல் ஏற்றியவர்கள் பத்தாண்டு கழித்து என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு நல்ல வழி எதுவும் இருந்ததில்லை.

ஓட்டும் முறைக்கு வருகிறேன். நீங்கள் நிதானமாக ஓட்டுகிறவர் என்பதால் தெரிந்ததையெல்லாம் திரும்பச் சொல்லவில்லை. நிதானமானவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: பயந்து பயந்து கிளம்புவது. மின்கலத்திலேயே வெகுதூரம் போக வேண்டும் என்று ஊர்ந்தால் மின்கலம் தீர்ந்து, பிறகு அதை நிரப்பவே எஞ்சின் ஓட வேண்டியிருக்கும். பச்சை விளக்கு விழுந்ததும் இயல்பாக வேகம் எடுங்கள். வேண்டிய வேகம் வந்ததும் காலை ஒரு கணம் எடுத்துவிட்டு மறுபடி மெல்ல வையுங்கள். எஞ்சின் அணைந்து வண்டி மின்சாரத்தில் நழுவும்.

பிரேக்தான் பெரிய சேமிப்பு. முன்னால் சிவப்பு தெரிந்ததுமே லேசாக மிதிக்கத் தொடங்குங்கள். மீட்டரில் முள் சார்ஜ் பகுதிக்குள் நிற்கும்வரை அந்த வேகம் மின்சாரமாகத் திரும்பி வருகிறது. டோல் சாவடிக்குப் பக்கத்தில் போய்ச் சட்டென்று அழுத்தினால் மிச்சமெல்லாம் பிரேக் தகட்டில் சூடாகப் போய்விடும். நெரிசலில் நிற்கும்போது கியரை நியூட்ரலில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பல ஹைபிரிட்களில் அப்போது மின்கலம் நிரம்பாது.

தொழிற்சாலை வாகன நிறுத்துமிடத்தில் எட்டு மணி நேரம் வெயிலில் கிடந்த காரில் ஏறியதும் குளிர்சாதனத்தை முழுவேகத்தில் வைக்காதீர்கள். கண்ணாடிகளை இறக்கிக் கொஞ்ச தூரம் போன பிறகு 25-இல் வையுங்கள். குளிர்சாதனமும் அதே மின்கலத்திலிருந்துதான் எடுக்கிறது. டயர் காற்றை மாதம் ஒருமுறை காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி பார்த்துக்கொள்ளுங்கள். அலங்காரச் சாமானில் பாதி வாரநாட்களிலும் பின்பெட்டியிலேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் அதைச் சுமந்துகொண்டுதான் தினமும் பாலம் கடக்கிறீர்கள்.

மீண்டும் கொழுந்தனார். தம்பி முன்னுக்கு வர வேண்டும் என்று உங்கள் கணவரும் மாமியாரும் நினைப்பதில் தவறில்லை. நீங்களும் அதைத்தான் விரும்புகிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அதனால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் நிரப்பிவைப்பதை மட்டும் நிறுத்துங்கள். அவருக்கும் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, மைகாட் அடையாள அட்டை இருக்கிறது. குடிமகன் என்ற முறையில் அவர் பெயரிலேயே 1.99 விலையில் எண்ணெய் கிடைக்கும். போகும்போது இருந்த அளவுக்குத் திரும்பி வரும்போது அவர் நிரப்பட்டும், டோலுக்குத் தனி அட்டை வைத்துக்கொள்ளட்டும், டயர், பராமரிப்பு, காரின் மதிப்பு இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 15 சென், அதாவது ஒரு பயணத்துக்கு 48 வெள்ளி, உங்களிடம் கொடுக்கட்டும். மண்டபக்காரரிடம் வாங்கும் கூலியில் போக்குவரத்துச் செலவைச் சேர்த்துக் கேட்க அப்போதுதான் அவருக்கே தோன்றும். இந்தச் செலவைப் பார்க்காமல் விலை சொல்லிக்கொண்டிருந்தால் அவர் தொழிலும் நிற்காது.

கணவரிடம் பேசும்போது மேலே எழுதிய கணக்கை ஒரு தாளில் காட்டுங்கள். குறை சொல்லும் பேச்சு வேண்டாம். அட்டைக்கு இப்போது மாதம் 310 வெள்ளி கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், இந்த 390-ஐயும் சேர்த்து 700 கட்டினால் நிலுவை பத்து மாதத்தில் தீரும். கார்க் கடனில் கூடுதலாகக் கட்டுவதைப் பிறகு யோசிக்கலாம். தட்டை வட்டியில் முன்கூட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதால் வட்டி குறையாது.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் ஓட்டுநராக இருக்கிறதா? இல்லாவிட்டால், அவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் முதல் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும். கோரிக்கை வைத்தால் கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காக உங்களுக்குக் கிடைக்கும் காப்பீட்டுத் தள்ளுபடியும் பூச்சியத்துக்கு இறங்கும். அதைவிட முக்கியம், தனியார் காருக்கான காப்பீடு தொழிலுக்காகச் சரக்கு ஏற்றுவதைப் பொதுவாக ஏற்பதில்லை. நாளைக் காலையே முகவரை அழைத்து, என் கொழுந்தனார் அலங்காரச் சாமான் ஏற்றிக்கொண்டு ஈப்போ போகிறார், இது பத்திரத்துக்குள் வருமா என்று இதே சொற்களில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அது கையில் வரும்வரை அடுத்த சனிக்கிழமை சாவியைக் கொடுக்காதீர்கள்.